போகிக்கு வெட்டிய பிளாக்பெர்ரி

தாட்சாயிணி என் பிளாக்பெர்ரிச் செடியை வெட்டிக் கொளுத்தியது நாலு வருடத்துக்கு முந்தைய போகியன்று. இவள் வளர்க்கிற செடியில் ஒரு பழம்கூடக் காய்க்க விடக்கூடாது என்று நான் முடிவு செய்தது காணும் பொங்கலன்று சாயங்காலம், ஊரிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கொல்லைப்பக்கம் நின்றபோது. நல்ல நாளில் இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

தாட்சாயிணி எனக்கு அந்நியம் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு வருடம் எதிரெதிர் வாசல். நான் சீருடை தைக்கிற ஃபேக்டரியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கஜபதியும் அவள் புருஷன் கோதண்டமும் டாங்கி ஃபேக்டரியில் ஒரே செக்‌ஷன், இரண்டு பேருமே வெல்டர். அவள் பிள்ளைக்கு என் வீட்டில் சாப்பாடு, என் பெண்ணுக்கு அவள் வீட்டில் தூக்கம் என்று போனது காலம். வேலை முடிந்து எல்லோரும் பருத்திப்பட்டில் வீடு கட்டிக்கொண்டபோதும் இரண்டே தெரு இடைவெளி. பூந்தமல்லி ஷம்ஷாத் நடத்துகிற மாடித்தோட்டக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். அவள் மாடியில் எது காய்த்தாலும் முதல் போட்டோ குழுவில் விழும். கத்தரிக்காய் என்றால்கூட நாலு பக்கத்திலிருந்து நாலு போட்டோ. அவளை எல்லோரும் டீச்சர் மாதிரி நினைத்துச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிளாக்பெர்ரி எனக்கு ஏற்காட்டில் கிடைத்தது. ஃபேக்டரியில் வேலை செய்த பெண்கள் எல்லாம் சேர்ந்து சுற்றுலா போயிருந்தோம். ரோட்டோரப் புதரில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாகப் பழம். அங்கே இலையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மா அதை முள்ளுப்பழம் என்றாள். ஒரு கொடி வளைந்து மண்ணைத் தொட்ட இடத்தில் நுனியிலேயே வேர் விட்டிருந்தது. அதை அறுத்து, ஈரத்துணி சுற்றி, தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி அதில் வைத்துக் கொண்டுவந்தேன். கை முழுக்க முள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இடம் மாறிப் போய்விட்டாள்.

"இது மலைச் செடிக்கா. ஆவடி வெயிலுக்கு ஆடி தாண்டாது" என்றாள் தாட்சாயிணி.

ஆடி தாண்டியது. குளியலறைக்குப் பின்னால் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற சுவரோரம் வைத்தேன். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, மாட்டுச் சாணம் எல்லாம் போட்டேன். கஜபதி மிச்சக் கம்பிகளை வைத்து ஒரு சட்டம் பற்றவைத்துக் கொடுத்தார். செடியைத் தொடத் தன் பழைய வெல்டிங் கையுறையையும் கொடுத்தார். ஒன்பது குச்சி எழுந்தது. ஊதா நிறம், மேலே சாம்பல் பூசின மாதிரி. ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு மேலே போனது.

இந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. இந்த வருடம் எழுந்த குச்சி இந்த வருடம் காய்க்காது. மார்கழியில் இலையைக் கொட்டிவிட்டு, செத்துப்போன மாதிரி மொட்டையாக நிற்கும். அப்புறம் மாசியில் அதே மொட்டைக் குச்சியில்தான் மொட்டு, பங்குனியில் பழம். பழம் கொடுத்து முடித்த பிறகுதான் அந்தக் குச்சி நிஜமாகவே சாகும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் காய்க்கவைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. தை மாதக் கூட்டத்தை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அந்த மலைச் செடியைப் பார்க்க வேண்டும் என்று ஷம்ஷாத் சொல்லியிருந்தாள்.

அந்த மார்கழியில் என் பெண்ணுக்கு ஓசூரில் பிரசவம். நானும் கஜபதியும் கிளம்பும்போது சாவியைத் தாட்சாயிணியிடம் கொடுத்தேன். "எல்லாத்துக்கும் தண்ணி ஊத்து. அந்த முள்ளுச் செடிய மட்டும் தொடாத, தண்ணி ஊத்துனா போதும்" என்றேன்.

திரும்பி வந்து பார்த்தால் சட்டம் மட்டும் நிற்கிறது. ஒன்பது குச்சியும் தரையோடு தரையாக, கத்தரியால் ஒரே அளவாக வெட்டப்பட்டிருந்தது.

"காஞ்சி போயி குப்பையா கெடந்துச்சிக்கா. போகிக்குக் கொளுத்திட்டேன். ஊடு சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்றாள்.

பக்கத்திலேயே மாமரத்துச் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துக் கையை மூடிக்கொண்டு பேசினாள். காபி டம்ளரை வாங்கும்போது முந்தானை விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கீறல், மேலே மஞ்சள் பற்று. கையெல்லாம் கிழிபடக் கிழிபட ஒன்பது குச்சியையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்திருக்கிறாள். குப்பை பொறுக்கியவள் கை அப்படி இருக்காது.

நான் சண்டை போடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சூப்பர்வைசரிடமே சத்தம் போட்டு மெமோ வாங்கியவள் நான். ஆனால் அன்றைக்கு வயிற்றில் எரிந்த எரிச்சலுக்குச் சத்தம் போதாது என்று தோன்றியது. கத்தினால் அவள் அழுவாள், கோதண்டம் வந்து சமாதானம் பேசுவார், நாலு நாளில் எல்லாம் சரியாகிவிடும். சரியாகக் கூடாது என்று நினைத்தேன். "பரவால்ல தாட்சா, காஞ்சதுதானே" என்றேன். அவள் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்துவிட்டு, காபி டம்ளரைக் கழுவி வைத்தேன்.

தைக் கூட்டம் என் வீட்டில் நடக்கவில்லை. பார்க்க என்ன இருந்தது.

வேர் செத்துப்போகவில்லை. ஆடிக்குள் பதினோரு புதுக் குச்சி எழுந்தது. அதற்கடுத்த பங்குனியில் பழம் வந்தது. முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, அப்புறம் கறுப்பு. அணில் தின்றது போக ஒரு கிண்ணம் தேறியது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். பருத்திப்பட்டில் பிளாக்பெர்ரியா என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அதற்கு நடுவில் தாட்சாயிணி ஒரு குரல் பதிவு போட்டாள்.

"அதுல ஒரு விசயம் கீது. போன வருசம் போகிக்கு அந்தச் செடிய நான்தான் அடியோட வெட்டி உட்டேன். வெட்டுனதாலதான் இப்டி தழைஞ்சி காய்ச்சிகீது. அக்காவக் கேட்டுப் பாருங்க."

மூன்று தடவை கேட்டேன் அந்தப் பதிவை. என்னுடைய ஒரு வருடப் பழத்தைக் கொளுத்தியவள், இந்த வருடப் பழத்துக்கும் உரிமை கொண்டாடுகிறாள். போனைத் தூக்கி எறியப் போனேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது, மனசு குளிர்ந்துபோனது.

மறு வாரம் அவளே வந்தாள். ஆன்லைனில் ஒரு பிளாக்பெர்ரி வாங்கியிருக்கிறாளாம். முள்ளே இல்லாத வீட்டு ஜாதி, வெளிநாட்டு ரகம். "காட்டுச் செடி யாருக்குக்கா வேணும், தொட்டா கைய கிழிக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அதற்கப்புறம், "அத எப்டிக்கா வளக்கறது, நீ இன்னா பண்ண" என்று கேட்டாள்.

"நீ பண்ணதத்தான் நானும் பண்றேன்" என்றேன். "ஒவ்வொரு போகிக்கும் அடியோட வெட்டிடு. ஒரு குச்சிய உடாத. பாவம் பாக்காத. பழசு நின்னா புதுசு காய்க்காது. நீ வெட்டின அப்புறம்தான் எனக்கே அது புரிஞ்சுது."

அவள் முகம் மலர்ந்தது. நான் முறுக்கு எடுத்துவந்து வைத்தேன்.

அந்த வருடம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் செடி நன்றாக வளர வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். வளர்ந்தால்தானே வெட்டும்போது நிறைய போகும். பழம் வருகிற குச்சியை அவள் கையாலேயே வருடா வருடம் வெட்டி, அவள் வாசலிலேயே கொளுத்தி, மேளம் அடித்துக்கொண்டு குளிர்காய வேண்டும். ஏன் காய்க்கவில்லை என்று சாகிறவரைக்கும் தெரியக் கூடாது.

கஜபதிக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஏம்மா, கூடப் பழகுனவ. இது தேவையா" என்றார். "அவ கைல எத்தினி கீறல் இருந்தா அது குப்பை இல்லன்னு நம்புவீங்க" என்று கேட்டேன்.

போகி வந்தது. தாட்சாயிணி விடியற்காலையிலேயே போட்டோ அனுப்பினாள். மொட்டையாக வெட்டின செடி, பக்கத்தில் நெருப்பு. நான் சும்மா இருந்தால் சந்தேகம் வரும். அதனால் போன பங்குனியில் பழம் கொடுத்துவிட்டுச் செத்துப்போன பழைய குச்சிகளை என் வாசலில் போட்டுக் கொளுத்தி, நானும் ஒரு போட்டோ அனுப்பினேன். கொல்லையில் புதுக் குச்சிகள் பத்திரமாக நின்றன. அவள் அங்கே வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். செடியை வெட்டிய பிறகு அவள் என் வீட்டுக் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வந்தாலும் ஹாலோடு சரி.

அந்த வருடம் அவள் செடி காய்க்கவில்லை. "சின்னச் செடிதானே, பொறுமையா இரு" என்று தட்டிக்கொடுத்தேன். என் பழத்தில் நாலைந்தை டப்பாவில் போட்டு அனுப்பவும் செய்தேன். ருசி தெரிந்தால்தான் ஏக்கம் கூடும். அடுத்த போகிக்கும் வெட்டினாள். அதற்கும் போட்டோ வந்தது. ராத்திரி சாப்பாடு அன்றைக்கு எனக்கு ஒரு கவளம் கூடுதலாக இறங்கியது.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், அவளிடமிருந்து ஒரு படம். அந்த வருடம் போகிக்கு வெட்டி, மாசியில் முளைத்த புத்தம் புதுக் குச்சி. அதன் நுனியில் வெள்ளைப் பூ.

நம்பவில்லை. வேறு யாருடைய செடியோ என்று நினைத்தேன். அப்புறம் போனில் தேடினேன். யாரோ ஒரு தோட்டக்காரர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். காட்டு பிளாக்பெர்ரிக்குப் போன வருடக் குச்சிதான் காய்க்கும், அதை வெட்டக் கூடாது. ஆனால் புதிதாக வந்திருக்கிற சில வீட்டு ரகங்கள் அந்த வருடக் குச்சியிலேயே காய்க்கும், அவற்றைத் தை மாதம் அடியோடு வெட்டிவிடுவதுதான் சிறந்த வழி, ஒரு குச்சியைக்கூட விடாதீர்கள் என்றார். நான் சொன்ன அதே வார்த்தை. பாவம் பார்க்காதீர்கள் என்பதை மட்டும்தான் அவர் சொல்லவில்லை.

அவள் நாசமாகப் போக வேண்டும் என்று நான் சொன்ன ஒவ்வொன்றும் அவள் செடிக்கு மருந்தாக இருந்திருக்கிறது. வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். நான்தான் சுத்தமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கஜபதி சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்ல வந்து, சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

மார்கழிக் கூட்டம் பூந்தமல்லியில் ஷம்ஷாத் வீட்டு மாடியில் நடந்தது. இருபத்தைந்து பேர் இருப்போம். தாட்சாயிணி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். அடுக்கடுக்காகப் பழம். என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது, மையைப்போலக் கறுப்பு. கைகள் எல்லாம் டப்பா பக்கம் நீண்டபோது அவள் மூடியைப் போட்டாள்.

"இருங்க, மொதல்ல நான் ஒன்னு சொல்லணும்" என்றாள். "இந்தச் செடிய எப்டி வளக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது கஸ்தூரிக்கா. நான் அவங்களுக்குப் பண்ணதுக்கு வேற யாரா இருந்தாலும் என் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டாங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி அவங்க செடிய நான் வெட்டுனது குப்பைன்னு நெனச்சி இல்ல. வேணும்னுதான் வெட்டுனேன். எல்லாரும் அவங்க ஊட்டுக்குப் போயி பாக்கப் போறீங்கன்னு எனக்கு வயிறு எரிஞ்சிது. கைய கிழிச்சிகினு வெட்டுனேன். அது அக்காவுக்கும் தெரியும். என் கையப் பாத்தாங்க. பாத்துட்டு ஒரு வார்த்த கேக்கல. கேக்காம, எனக்கு வித்தையும் சொல்லிக் குடுத்தாங்க. அந்த மனசு எனக்கு வராது."

அழுதாள். என் காலைத் தொட வந்தாள். பிடித்து நிறுத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலு வருடமாக இந்த வார்த்தைகளுக்குத்தான் காத்திருந்தேன். ஒருநாள் அவளே எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்வாள், அப்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதல் பழத்தை அவளே என் வாயில் ஊட்டினாள். தேன் மாதிரி இருந்தது. என்னுடையதில் கடைசியில் ஒரு புளிப்பு இருக்கும், இதில் அதுகூட இல்லை. துப்ப முடியவில்லை, விழுங்கினேன்.

"கஸ்தூரியக்கா மாதிரி ஒரு மனசு வேணும்" என்றாள் ஷம்ஷாத். அன்றைக்குச் சாயங்காலமே செடியை வெட்டுகிற விவரத்தை அழகாக டைப் செய்து குழுவில் போட்டாள். மேலே 'கஸ்தூரி அக்கா முறை' என்று தலைப்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கும்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை. ஒரு பக்கம் அசிங்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், சொல்லித்தான் ஆக வேண்டும், நன்றாகவும் இருந்தது.

இந்தப் போகியன்று காலை ஆறு மணி. தெருவெல்லாம் புகை, பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போலச் செத்த குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம். தாட்சாயிணி குளித்து, தலையில் துண்டு சுற்றி, கையில் அந்தக் கத்தரியோடு நின்றாள்.

"என் ஊட்டு வேல முடிஞ்சிதுக்கா. இந்த வருசம் உன் செடிய நான் வெட்டிக் குடுக்கறேன்" என்றாள். "அன்னிக்குக் கெட்ட மனசோட வெட்டுன கை. இன்னிக்கு நல்ல மனசோட வெட்டுனாதான் எனக்கு அது தீரும். வேணாம்னு சொல்லாத."

சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்தாள். நாலு வருடமாகக் காலெடுத்து வைக்காத இடம்.

பதினோரு குச்சி நின்றது. இந்த வருடம் போல் எந்த வருடமும் வளர்ந்ததில்லை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம். குனிந்து பார்த்தால் கணுக்களில் மொட்டுக்கான சின்னச் சின்ன வீக்கம் தெரியும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது வெறும் மொட்டைக் குச்சி.

"நல்ல வேள, இன்னும் வெட்டல நீ" என்றாள்.

உன்னுடையது வேறு ஜாதி, என்னுடையது வேறு ஜாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செடி பிழைத்துவிடும். ஆனால் தாட்சாயிணி முட்டாள் இல்லை. அப்போ எனக்கு ஏன் அப்படிச் சொன்ன என்று அடுத்த கேள்வி கேட்பாள். வாசலில் கொளுத்திப் போட்டோ அனுப்பினது எதை என்று கேட்பாள். அப்புறம் ஷம்ஷாத்துக்குத் தெரியும், இருபத்தைந்து பேருக்கும் தெரியும். தப்பை ஒத்துக்கொண்டு அழுதவள் அவள். மன்னித்த மாதிரி உட்கார்ந்து பழம் தின்றவள் நான்.

கஜபதி சத்தம் கேட்டு வெளியே வந்தார். கத்தரியைப் பார்த்தார், குச்சிகளைப் பார்த்தார். "ஏம்மா, அது..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அப்போதும் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. கெட்ட மனசோடு வந்திருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். இப்போது நல்ல மனசோடு வந்து நிற்கிறாள், என்ன சொல்லித் தடுப்பது.

"வெறுங்கையால தொடாத, கிழிக்கும்" என்று சொல்லி, வெல்டிங் கையுறையை எடுத்துவந்து கொடுத்தேன்.

அவள் போட்டுக்கொண்டாள். முதல் குச்சியை வளைத்து, தரையோடு கத்தரியை வைத்தாள். பச்சைக் குச்சி வெட்டுப்படுகிற சத்தம் காய்ந்ததைப்போல இருக்காது, அது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. மூன்றாவது குச்சியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "சரியா வெட்டறனாக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் கீழ. அடியோட வெட்டு" என்றேன்.

ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பத்து வெட்டி முடித்துவிட்டாள். கடைசிக் குச்சி சட்டத்தின் கம்பிக்குள் சிக்கிக்கொண்டு வரவில்லை. அவள் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெறுங்கையால் அதை விடுவித்து, வெட்ட வாகாக வளைத்துப் பிடித்துக் கொடுத்தேன்.